பன்னிரண்டு வோல்ட்டின் தயவில்

மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். வாசலில் நிற்கும் மின்சாரக் காரின் சாவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. விளக்கு சிமிட்டவில்லை, பக்கவாட்டுக் கண்ணாடி விரியவில்லை, கதவும் திறக்கவில்லை. காரின் அடிவயிற்றில் 30 கிலோவாட் மணி, அதாவது 30 யூனிட் மின்சாரம், பத்திரமாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னக் குடும்பம் அதைக்கொண்டு நாலைந்து நாள் ஓட்டிவிடலாம். ஆனாலும் கார் அசைய மறுக்கிறது. காரணம், பானெட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், சில ஆயிரம் ரூபாய் பெறும் ஈய பேட்டரி. பழைய அம்பாசடரில் இருந்த அதே ரகம், அதே பன்னிரண்டு வோல்ட்.

கேட்கக் கேலிக்கூத்தாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. 300, 400 வோல்ட் அழுத்தம் கொண்ட பெரிய பேட்டரி ஆளைக் கொல்லக்கூடியது. அதனால் கார் நிற்கும்போது அதைக் காரின் மற்ற பகுதிகளிலிருந்து முழுதாகத் துண்டித்து வைக்கிறார்கள். துண்டிப்பதும் இணைப்பதும் காண்டாக்டர் எனப்படும் பருமனான ரிலேக்களின் வேலை. காண்டாக்டருக்குள் இருக்கும் சுருளில் மின்சாரம் ஓடும்வரைதான் இணைப்பு நிற்கும். ஓட்டம் நின்றால் ஸ்பிரிங் இழுத்துப் பிரித்துவிடும். விபத்தில் ஒயர் அறுந்தாலும், மீட்பு வீரர்கள் குறைந்த அழுத்த ஒயரை வெட்டினாலும், உயர் அழுத்தம் தன் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. அந்தச் சுருளை இயக்குவது பன்னிரண்டு வோல்ட். சின்ன பேட்டரி படுத்தால் பெரிய பேட்டரிக்குக் கதவு திறக்க ஆளில்லை.

பெட்ரோல், டீசல் கார்களின் கதையும் இன்று ஏறத்தாழ இதேதான். அம்பாசடரில் பேட்டரி இறங்கிப்போனால் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம், நாலு பேர் தள்ளினால் கிளட்ச்சை விட்டு உயிர்ப்பிக்கலாம். பெட்ரோலை இழுக்க எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் பம்ப், அளந்து ஊற்ற கார்புரேட்டர். மின்சாரம் தேவைப்பட்டது தீப்பொறிக்கு மட்டும். இன்றைய காரில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மின் மோட்டாராக இருக்கிறது. இன்ஜெக்டர் திறக்க மின்சாரம் வேண்டும், சாவி அசல்தானா என்று பார்க்கும் இம்மொபிலைசருக்கு மின்சாரம் வேண்டும், எல்லாவற்றையும் கட்டியாளும் இ.சி.யு. எனும் கணினிகளுக்கும் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் தள்ளிப் பார்ப்பதே வீண் வேலை.

இந்த பேட்டரியின் வயது நம் கார்களைவிட அதிகம். 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டோன் பிளாண்டே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் முக்கி, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். அப்போது பெட்ரோல் காரே கிடையாது. கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் ஆபத்தை ஒழிக்கச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. நம்மூர் மெக்கானிக்குகள் 'செல்ஃப்' என்று சொல்வது அதைத்தான். அன்றிலிருந்து ஈய பேட்டரி காரைவிட்டு இறங்கவில்லை.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஒரு தகட்டில் சுத்த ஈயம், எதிர்த் தகட்டில் ஈய டை ஆக்சைடு, இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் திரும்புகிறது. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறைகளை வரிசையாகக் கோத்தால் 12.6.

அந்த 2.1 எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 2011இல்தான் முழுமையான கணக்கு கிடைத்தது. விடை கொஞ்சம் திகைக்க வைக்கும். ஈயத்தின் அணு எண் 82. இவ்வளவு கனமான அணுக்கருவின் அருகில் சுழலும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீத வேகத்தில் பாய்கின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட முடியாது. உப்சாலாவின் ராஜீவ் அஹுஜா, ஹெல்சிங்கியின் பெக்கா பியூக்கோ உள்ளிட்டோர் கணினியில் சார்பியலைச் சேர்த்தும் நீக்கியும் ஈய பேட்டரியைக் கணக்கிட்டார்கள். அதன் வோல்ட்டேஜில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு சார்பியலால் வருவது என்று தெரிந்தது. சார்பியல் இல்லாத உலகில் உங்கள் கார் பேட்டரி இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் வெள்ளீயத்தைக் கொண்டு இப்படியொரு பேட்டரியை யாரும் செய்யாததன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி அந்த வோல்ட்டை அளக்கும் கருவிக்கு வருவோம். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. டயருக்குக் காற்று பார்ப்பதுபோல அதிகாலையில், காரைத் திறந்து எதையும் போடுவதற்கு முன், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. முழு உயிருக்கும் பாதி உயிருக்கும் இடையில் வெறும் 0.4 வோல்ட்தான் என்பதைக் கவனியுங்கள். "பன்னிரண்டு காட்டுதே சார், நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக் முக்கால்வாசி காலியான பேட்டரிக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்தால் பொய்யான உயரம் காட்டும். சில மணி நேரமாவது ஓய்வு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வில் நல்ல எண் காட்டும் பேட்டரியும் உழைக்கும்போது சாயலாம். செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் கார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், டீசல் இன்னும் அதிகம். அந்தச் சமயத்தில் மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். போனால் பேட்டரி பலவீனம். போகவில்லை, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. டெர்மினலில் உப்புப் பூத்தோ எர்த் ஒயரின் போல்ட் தளர்ந்தோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குத் தடை உண்டானால் போதும். 150 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும், 225 வாட் வெப்பமாகும். செல்ஃப் அடித்தபின் டெர்மினலைத் தொட்டால் சுடுகிறதா என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வித்தை. இயற்பியல் அவர்கள் பக்கம்தான். பூத்திருக்கும் உப்பை வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள், அமிலம் நுரைத்து முறியும். அதற்கு முன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், மூடித் துளைகளுக்குள் சோடாத் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது.

நவீன கார்களில் பன்னிரண்டு வோல்ட் தடுமாறினால் அது 'பேட்டரி' என்ற பெயரில் வெளிவருவதில்லை. செல்ஃப் அடித்த கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்தால் பலவீனமான இணைப்புள்ள ஏதோ ஓர் இ.சி.யு. மயங்கி எழும். எழுந்ததும் பக்கத்து இ.சி.யு.விடம் பேசிப் பார்க்கும், பதில் வராவிட்டால் கோளாறு என்று குறித்துவைக்கும். ஏ.பி.எஸ். விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு என டேஷ்போர்டில் தீபாவளி தொடங்கிவிடும். மின் ஸ்டியரிங் கார்களில் இது இன்னும் சகஜம்: நிறுத்தும் இடத்தில் முழு வளைவாகத் திருப்பும்போது அந்த மோட்டார் பல பத்து ஆம்பியரை ஒரே மூச்சில் கேட்கும். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பவர் பத்துப் பன்னிரண்டு கோளாறுகளைப் பட்டியலிட்டு, ஆயிரக்கணக்கில் சென்சார் மாற்றச் சொல்லலாம். தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒரே நாளில் தோன்றினால் சென்சார்கள் கூட்டாகச் சதி செய்திருக்க வாய்ப்பில்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது மின் இணைப்பு. முதலில் அங்கே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். பல ஒர்க்‌ஷாப்களில் இன்றும் அதற்கு டைனமோ என்றுதான் பெயர். முன்பெல்லாம் கணக்கு எளிது: ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சரி, இல்லாவிட்டால் டைனமோ போச்சு. இப்போதைய கார்களில் ஆல்டர்னேட்டரும் இ.சி.யு.வின் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. முந்திச் செல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது ஓய்வெடுக்கும்; காலை எடுத்து வண்டி உருளும்போது, வீணாகப் போகும் வேகத்தைக்கொண்டு அழுத்திச் சார்ஜ் ஏற்றும். எரிபொருளில் கொஞ்சம் மிச்சம். இந்த ரகக் காரில் ஐடிலில் 12.7 காட்டியது என்பதற்காக நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ஏ.சி. ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தால் வோல்ட்டேஜ் எழும்புகிறதா என்று பார்க்கலாம். எழும்பினால் அதற்கு உயிர் இருக்கிறது. மாறாக எப்போதும் 15க்கு மேலேயே நின்று, அழுகிய முட்டை வாடையும் அடித்தால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கறாராகக் கைவிடச் சொல்வேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, 'நிற்காமல் ஓடுகிறதா' என்று டைனமோவைச் சோதிப்பது. ஆல்டர்னேட்டர் கொட்டும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென்று விலகினால், உள்ளே சுருளில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் போக்கிடம் தேடி, பல பத்து வோல்ட் உயரத்துக்கு ஒரு கணம் துள்ளும். அம்பாசடர் அதைப் பொருட்படுத்தாது. இருபது முப்பது கணினிகள் உள்ள கார் அப்படியல்ல.

பேட்டரியை இறக்குவது செல்ஃப் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 ஆம்பியர், ஒரு விநாடி: செலவு 0.04 ஆம்பியர் மணி. பூட்டி நிறுத்திய கார் தூங்கும்போதும் அலாரத்துக்கும் சாவி ஏற்பிக்கும் சேர்த்து 40 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள். 12 மணி நேர இரவில் 0.48 ஆம்பியர் மணி. ஒரு செல்ஃபைப்போல பன்னிரண்டு மடங்கு. சிக்னலில் எஞ்சினைத் தானே அணைக்கும் கார்களிலும் இதே வேடிக்கைதான்: மறுபடி கிளப்புவது பெரிய செலவு இல்லை, அணைந்திருக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் இழுத்தால் அரை ஆம்பியர் மணி போய்விடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரக் கடைக்கு மட்டும் போய்வரும் கார், ஊர்ந்து போகும் நெரிசலில் அந்தக் கடனை அடைப்பதில்லை. தினம் கொஞ்சம் பாக்கி விழுந்து ஒரு காலையில் மொத்தமாகக் கேட்கும்.

தூக்கத்தில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. வெளியே போட்ட டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், மலிவான மியூசிக் சிஸ்டம் இவற்றில் ஒன்று தூங்க மறுத்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரம் தாங்காது. கண்டுபிடிக்க, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை ஆம்பியர் நிலையில் கோத்து அளப்பார்கள். கார் முழுதாகத் தூங்க அரை மணிக்கு மேலும் ஆகலாம் என்பதால் பொறுமை வேண்டும். மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதீர்கள், உள்ளே ஃபியூஸ் போய்விடும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒயரையே கழற்ற வேண்டியதில்லை. மின்சாரக் கார்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: செயலியைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் பல கார்கள் கண்விழிக்கின்றன. ஊரில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தரம் பார்ப்பவர், தன் சின்ன பேட்டரியைத் தானே காலிசெய்கிறார். சில மாடல்கள் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை அவ்வப்போது நிரப்பிக்கொள்ளும். உங்களுடையது அந்த ரகமா என்று கையேட்டில் பாருங்கள்.

பேட்டரியின் மேல் 'சி.சி.ஏ.' என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் அரை நிமிடம் எத்தனை ஆம்பியர் தரும் என்பதன் அளவு. வேலூரில் கார் ஓட்டுபவருக்கு அந்த எண்ணைப் பெருமையாகக் காட்டி விற்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். ஒப்பிட்டு வாங்க அது உதவும், ஆனால் இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். வேதிவினைகள் பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். நாம் விரும்பாத வினைகளும் அதில் அடக்கம்: பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டம் அரிப்பதும், தண்ணீர் ஆவியாகி இறங்குவதும். அக்னி நட்சத்திரத்தில், நெரிசலில், பானெட்டுக்குள் 60 டிகிரி தாண்டுவது சாதாரணம். பல கார்களில் பேட்டரியைச் சுற்றித் துணியாலோ பிளாஸ்டிக்காலோ ஓர் உறை இருக்கும். பேட்டரி மாற்றுபவர் 'இது எதுக்கு சார்' என்று தூக்கிப் போடுவார். விடாதீர்கள், அது வெப்பத் தடுப்பு.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று நம்பிப் பிடித்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது குளிர்க்குழாயின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது.

வெயிலுக்கு அடுத்த எதிரி அரைகுறைச் சார்ஜ். இறங்கிய நிலையில் கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட்டின் நுண்ணிய படிகங்கள் நாளாக ஆகப் பெருத்து இறுகும். பெருத்தவை பிறகு எளிதில் கரைவதில்லை. அந்த இடம் பேட்டரிக்கு நிரந்தர இழப்பு. அதனால்தான் இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. ஈய பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாகத்தான் வாங்கும். அதற்கு வீட்டு பிளக்கில் போடும் சார்ஜர் ஓர் இரவு முழுக்க வேண்டும்.

ஜம்ப் கொடுக்கும் முறையிலும் நவீன கார்கள் ஒரு மாற்றம் கேட்கின்றன. சிவப்பு ஒயரை இரு பேட்டரிகளின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை உதவும் காரின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை இறங்கிய பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், அந்த எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலோ அதற்கென்று விட்டிருக்கும் போல்ட்டிலோ மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி தெறிக்கும்; சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்பது பழைய காரணம். நெகட்டிவ் முனையில் உட்கார்ந்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் சென்சார் ஏமாந்துவிடும் என்பது புதியது. மின்சாரக் காரின் சின்ன பேட்டரிக்கும் இப்படி ஜம்ப் வாங்கலாம். அதைக்கொண்டு இன்னொரு காருக்குக் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் தடுக்கின்றன. ஆரஞ்சு நிற ஒயர் உயர் அழுத்தம். அதைத் தொட வேண்டிய தேவையே வராது. பேட்டரி டிக்கியில் இருந்து, டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால், முன்பக்கம் ஜம்ப் முனை எங்கே இருக்கிறது, சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவி எந்தத் துளையில் நுழையும் என்பதை இன்றே பார்த்துவையுங்கள்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய சென்னைக் கார்களில் பல, தண்ணீர் வடிந்த பிறகு செல்ஃப் அடித்ததால் கெட்டன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். அது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. ஈரமான கனெக்டரில் பன்னிரண்டு வோல்ட் நின்றால் மின்பகுப்பு தொடங்கி, ஊசிகள் மணிக்கணக்கில் பச்சையாக அரிக்கும். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் முன்னதாகவே நெகட்டிவைக் கழற்றிவைப்பது பெட்ரோல், டீசல் காரில் நீங்களே செய்யக்கூடிய பாதுகாப்பு. மின்சாரக் கார் நனைந்தால் கையை வைக்காமல் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

மாற்ற வேண்டிய நாள் வரும், இங்கே பொதுவாக மூன்று, நான்கு ஆண்டில். சிக்னலில் தானே அணையும் வசதி சில வாரமாக வேலை செய்யவில்லை என்றால், பேட்டரி தளர்ந்ததை உணர்ந்து கார் அதை நிறுத்தி வைத்திருக்கலாம், அதுவே முன்னறிவிப்பு. அத்தகைய கார்களில் ஏ.ஜி.எம்., இ.எஃப்.பி. என்ற உறுதியான ரகங்கள் இருக்கும். பாதி விலைக்குச் சாதாரண ரகத்தை வைத்தால் அது ஓராண்டிலேயே களைத்துவிடலாம். புதிய பேட்டரி போட்டதை ஸ்கேனர் மூலம் காருக்கு அறிவிக்க வேண்டிய மாடல்களும் உண்டு. அறிவிக்காவிட்டால் கிழட்டு பேட்டரிக்குரிய முறையிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள், உங்கள் மீட்டரையும் கொண்டுபோங்கள்: கடைத் தட்டில் மாதக்கணக்கில் தூங்கி 12.4க்கு இறங்கியதை வாங்க வேண்டாம்.

பழையதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உருக்கிப் புதிய பேட்டரியே செய்யலாம் என்பதால்தான் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்கிறார். திறந்த வெளியில் உடைத்து உருக்கும் பட்டறைக்குப் போனால் அதே ஈயம் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்துகின்றன. தெருவில் எடைக்கு வாங்குபவர் நூறு ரூபாய் கூடக் கொடுப்பார். அவரிடம் போடாமல் புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைத்து, கழித்த தொகையை ரசீதில் எழுதி வாங்குங்கள்.